ஒரு நிமிடத்துக்குள் ஒரு படம் – ஷாட் பார்த்துப் படிப்பது எப்படி?



இந்த வருஷம் நம் மாணவர் பேரவை சார்பாக ஒரு நிமிடப் படப் போட்டி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்கள் அல்லவா, அன்றைக்கே நானும் பேர் கொடுத்துவிட்டேன். வீட்டில் சொன்னதும் அப்பா கேட்ட முதல் கேள்வி, "சினிமா எடுக்கத்தான் பாலிடெக்னிக் அனுப்புனனா?" என்பதுதான். எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். அதனால் அந்தக் கேள்வியைக் கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு. நான் பதில் சொல்லவில்லை. ஆனால் இந்தக் கட்டுரையைப் படித்துக் காட்டினால் கொஞ்சம் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். ஏனென்றால் இதில் சினிமா பாதி, மெஷின் பாதி!

ஒரு நிமிடப் படம் எடுக்க வேண்டும் என்றால் முதலில் ஒரு நிமிடப் படங்களைப் பார்க்க வேண்டும். விசாரித்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உலகத்தில் முதன்முதலாக எடுத்த படங்கள் எல்லாமே ஒரு நிமிடப் படங்கள்தான் என்று. 1895 முதல் 1901 வரை வந்தவற்றில் ஆறு படங்களை எடுத்துக்கொண்டு, ஒவ்வொன்றையும் பத்துத் தடவைக்குக் குறையாமல் பார்த்தேன். அவற்றிலிருந்து கற்றுக்கொண்டதைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். இந்தப் படங்களை இன்று செல்போனிலேயே தேடிப் பார்க்கலாம். கட்டுரையைப் படித்துக்கொண்டே பார்த்தால் இன்னும் நல்லது.

ஷாட் என்றால் என்ன?

கேமராவை ஓட விட்டதிலிருந்து நிறுத்தும் வரை இடையில் வெட்டு இல்லாமல் பதிவாவது ஒரு ஷாட். ஆள் முழுதாகத் தெரிந்து, சுற்றியுள்ள இடமும் நிறையத் தெரிந்தால் அது லாங் ஷாட் (தூரக்காட்சி). இடுப்புக்கு மேல் தெரிந்தால் மிட் ஷாட். முகமோ கையோ ஒரு பொருளோ மட்டும் திரையை அடைத்துக்கொண்டால் க்ளோஸ் அப் (அண்மைக்காட்சி). கேமரா நின்ற இடத்திலேயே இடம் வலமாகத் திரும்பினால் பேன், மேலும் கீழுமாகத் திரும்பினால் டில்ட், கேமராவே இடம்விட்டு இடம் நகர்ந்தால் ட்ராலி. திரையின் நான்கு பக்க எல்லைக்குப் பெயர் ஃப்ரேம்.

இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதைப் படங்களே சொல்லித் தரும்.

முதலில் மெஷின்!

மெக்கானிக்கல் படிக்கிறவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிவிடாதீர்கள்.

பிரான்ஸ் நாட்டில் லியோன் நகரில் அகுஸ்த் லூமியேர், லூயி லூமியேர் என்று இரண்டு சகோதரர்கள். அவர்கள் குடும்பத்துக்குப் புகைப்படத் தகடு செய்யும் தொழிற்சாலை இருந்தது. 1895 பிப்ரவரி 13 அன்று 'சினிமாட்டோகிராஃப்' என்ற கருவிக்குக் காப்புரிமை வாங்கினார்கள். படம் எடுப்பது, பிரதி போடுவது, திரையில் காட்டுவது என்று மூன்று வேலையையும் அந்த ஒரே பெட்டி செய்தது. எடையும் குறைவுதான். மின்சாரம் வேண்டாம், கைப்பிடியைச் சுற்றினால் போதும்.

அவர்கள் முன் இருந்த சிக்கல் இதுதான். ஃபிலிம் சுருள் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தால் படம் கலங்கிப் போகும். ஒவ்வொரு படத்துக்கும் ஒரு கணம் அது அசையாமல் நிற்க வேண்டும். பிறகு அடுத்த படத்துக்கு நகர வேண்டும். மறுபடி நிற்க வேண்டும். இப்படி நொடிக்குப் பதினாறு தடவை! இதற்கு லூயி கண்ட வழி ஒரு விசித்திர வடிவக் கேம். அது சுற்றும்போது இரண்டு ஊசிகள் கொண்ட ஒரு கொக்கி, ஃபிலிமின் இரு ஓரத்துத் துளைகளில் நுழையும், ஃபிலிமைக் கீழே இழுக்கும், வெளியே வரும், மேலே போகும், மறுபடி நுழையும். தையல் மெஷின் இயங்கும் விதத்திலிருந்துதான் இந்த யோசனை வந்தது என்று லூயியே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

இதைப் படித்தபோது எனக்கு ஒரே சந்தோஷம். எங்கம்மா பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். தையல் மெஷினில் ஊசி மேலே இருக்கும்போது அடியில் உள்ள பல் துணியைத் தள்ளும். ஊசி இறங்கும்போது துணி நிற்கும். தள்ளு, நில்லு, தள்ளு, நில்லு! சினிமா கேமராவும் இதே தாளம்தான் என்று அம்மாவிடம் சொன்னேன். "அப்ப நாங்கூட கேமராக்காரிதான்" என்று சிரித்தார்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். கைப்பிடியை நொடிக்கு 2 சுற்று சுற்ற வேண்டும். ஒரு சுற்றுக்கு 8 படம். ஆக நொடிக்கு 16 படம். ஒரு சுருள் ஃபிலிம் சுமார் 17 மீட்டர். அதில் 800க்கும் மேற்பட்ட படங்கள் பிடிக்கும். 800ஐ 16ஆல் வகுத்தால் 50 நொடி! அதனால்தான் லூமியேர்களின் அந்தப் படங்கள் எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுகின்றன. கதை அவ்வளவுதான் என்பதால் அல்ல, சுருள் அவ்வளவுதான் என்பதால்.

பாடம் 1: கேமராவை எங்கே வைப்பது?
(தொழிற்சாலையிலிருந்து வெளியேறும் தொழிலாளர்கள், 1895)

லூமியேர் தொழிற்சாலையின் வாசல். கேமரா தெருவுக்கு எதிர்ப்புறம் நிற்கிறது. ஒரே ஷாட், லாங் ஷாட். பெரிய கேட் திறந்திருக்கிறது, பக்கத்தில் சின்னக் கதவு ஒன்று. உள்ளேயிருந்து பெண்களும் ஆண்களும் கும்பலாக வந்து சிலர் இடப்பக்கம், சிலர் வலப்பக்கம் பிரிந்து போகிறார்கள். சைக்கிளில் சிலர். ஒரு நாய். அவ்வளவுதான் படம்!

1895 டிசம்பர் 28 அன்று பாரிஸ் நகரில் கிராண்ட் கஃபே என்ற ஹோட்டலின் கீழ்த்தளத்தில் லூமியேர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு காட்டிய 10 படங்களில் இதுதான் முதல் படம். கட்டணம் 1 பிராங்க். அன்றைக்குக் காசு கொடுத்துப் பார்த்தவர்கள் 33 பேர் என்கிறார்கள். 1896 ஜூலை 7 அன்று பம்பாய் வாட்சன் ஹோட்டலில் இந்தியாவின் முதல் சினிமாக் காட்சி நடந்தபோது காட்டிய 6 படங்களிலும் இது இருந்தது.

முதலில் பார்த்தபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ஆள் வர்றாங்க, போறாங்க, முடிஞ்சது. சரி, கேட்டுக்கு வெளியே வருவது என்றால் அம்மாவுக்குத்தானே தெரியும் என்று அவரிடம் போனைக் கொடுத்தேன். அம்மா இரண்டு தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, "ஏங்கண்ணு, இது நெசமா வேல விட்டு வர்றதா?" என்றார்.

ஏன் கேட்கிறீங்க என்றேன்.

"எங்க கேட்டுக்கு முன்னால புதுசா ஒருத்தன் ஒரு பொட்டியோட நின்னா அல்லாரும் திரும்பிப் பாப்போம். இங்க யாருமே பாக்கலியே? அப்புறம் இத்தன பேரும் ஒரே நிமிசத்துல வெளிய வர முடியுமா? சொல்லி வெச்சு வரச் சொல்லியிருக்காங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. ஏனென்றால் அம்மா சொன்னது சரி. இந்தப் படத்துக்கு மூன்று பதிப்புகள் இருக்கின்றன. ஒன்றில் ஒரு குதிரை பூட்டிய வண்டி, ஒன்றில் இரண்டு குதிரை, ஒன்றில் குதிரையே இல்லை. அதாவது ஒரே காட்சியை மறுபடி மறுபடி எடுத்திருக்கிறார்கள். இன்றைய பாஷையில் சொன்னால் 'டேக் டூ', 'டேக் த்ரீ'! சுருள் தீர்வதற்குள் எல்லோரும் வெளியே வந்தாக வேண்டும். அதனால் உள்ளேயே கூட்டமாக நிறுத்தி வைத்துத்தான் கதவைத் திறந்திருக்க வேண்டும். கேமராவைச் சுற்றியவர் யார்? முதலாளி. முன்னால் நடப்பவர்கள் யார்? அவரிடம் கூலி வாங்குபவர்கள். கேமராவைப் பார்க்காதே என்று சொன்னால் பார்க்க மாட்டார்கள்தானே.

ஆனாலும் ஒரு இடத்தில் ஒரு பெண் விளையாட்டாக இன்னொருத்தியின் பாவாடையைப் பிடித்து இழுக்கிறாள். அதை எந்த முதலாளியும் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார். எனக்கு இந்தப் படத்தில் பிடித்த இடம் அதுதான்.

ஆக, பாடம் இது: எந்த ஷாட்டைப் பார்த்தாலும் கேமரா எங்கே இருக்கிறது என்று மட்டும் கேட்காதீர்கள். கேமராவுக்குப் பின்னால் யார் இருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

பாடம் 2: கேமரா நகராமலே ஷாட் மாறும்
(லா சியோத்தா நிலையத்துக்கு ரயில் வருகிறது, 1896)

பிரான்சின் தென் கடற்கரையில் லா சியோத்தா என்ற ஊர். கேமராவை ரயில் நிலைய நடைமேடையில், தண்டவாளத்துக்கு அருகில் வைத்திருக்கிறார் லூயி லூமியேர். தண்டவாளம் ஃப்ரேமுக்குள் நேர்க்கோடாக இல்லை, மூலைவாட்டமாக ஓடுகிறது. ரயில் தூரத்தில் ஒரு கரும்புள்ளியாகத் தோன்றி, பெரிதாகிக்கொண்டே வந்து, கேமராவை உரசுவது போலக் கடந்து இடப்பக்கம் மறைகிறது. பெட்டிகள் நிற்கின்றன. கதவுகள் திறக்கின்றன. ஆட்கள் இறங்குகிறார்கள், ஏறுகிறார்கள். சிலர் கேமராவுக்கு மிக அருகில் நடந்து போகிறார்கள்.

கவனியுங்கள். கேமரா ஒரு அங்குலம்கூட நகரவில்லை. வெட்டும் இல்லை. ஆனால் ரயில் லாங் ஷாட்டில் ஆரம்பித்து க்ளோஸ் அப் வரை வந்துவிட்டது! மனிதர்களும் அப்படியே. கேமரா பொருளிடம் போகவில்லை, பொருள் கேமராவிடம் வந்தது. அந்த மூலைவாட்டக் கோணம்தான் இதன் ரகசியம். இஞ்சினியரிங் டிராயிங் வகுப்பில் பெர்ஸ்பெக்டிவ் வரைகிறோமே, தூரத்துக் கோடுகள் ஒரு புள்ளியில் சேர்வது மாதிரி, அதே கணக்கு. கேமராவைத் தண்டவாளத்துக்கு நேர் பக்கவாட்டில் வைத்திருந்தால் ரயில் ஒரு சுவர் மாதிரிக் கடந்து போயிருக்கும், அவ்வளவுதான்.

இந்தப் படத்தைப் பார்த்து ஜனங்கள் பயந்து நாற்காலியை விட்டு ஓடினார்கள் என்ற கதையை எல்லோரும் கேட்டிருப்போம். அப்படி நடந்ததற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். 1895 டிசம்பர் 28 காட்சியில் இந்தப் படமே கிடையாது. நல்ல கதை என்பதற்காக நாமும் திருப்பிச் சொல்லக் கூடாது.

இங்கே நம் பக்கத்துச் செய்தி ஒன்று. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905-ல் டுபாண்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டும் கருவியையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் போட்டுக் காட்டினார். பிறகு 1914-ல் கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் என்ற நிரந்தரக் கொட்டகையைக் கட்டினார். ரயிலில் வேலை செய்தவர், திரையில் படம் ஓட்டப் போய்விட்டார்! அவர் வீட்டிலும் யாராவது "இதுக்குத்தானா வேலைக்கு அனுப்புனோம்?" என்று கேட்டிருப்பார்களோ என்னவோ.

பாடம் 3: ஃப்ரேம் என்பது ஒரு மேடை
(நீர் பாய்ச்சியவர் நனைந்தார், 1895)

தோட்டக்காரர் ஒருவர் ரப்பர் குழாயில் செடிக்குத் தண்ணீர் விடுகிறார். ஒரு பையன் பின்னால் வந்து குழாயை மிதிக்கிறான். தண்ணீர் நிற்கிறது. தோட்டக்காரர் குழாய் முனையை முகத்துக்கு நேரே வைத்துப் பார்க்கிறார். பையன் காலை எடுக்கிறான். முகத்தில் பீய்ச்சி அடிக்கிறது! பையன் ஓட, அவர் துரத்திப் பிடித்து இரண்டு அடி போட்டுவிட்டு, மறுபடி தண்ணீர் பாய்ச்சப் போகிறார்.

இதைத் திரையில் வந்த முதல் நகைச்சுவைக் கதைகளில் ஒன்றாகச் சொல்கிறார்கள். ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. பையனைப் பிடித்ததும் தோட்டக்காரர் அந்த இடத்திலேயே அடிக்கவில்லை. இழுத்துக்கொண்டு வந்து நமக்கு நன்றாகத் தெரிகிற மாதிரி கேமரா முன்னால் நிறுத்தித்தான் அடிக்கிறார்! நிஜ வாழ்க்கையில் யாராவது அப்படிச் செய்வார்களா? கேமரா அசைய முடியாத காலம். எனவே கதை ஃப்ரேமுக்குள் வந்து நடக்க வேண்டியிருக்கிறது. நம் ஊர்க் கூத்தில் யாரை அடித்தாலும் கூட்டத்துக்கு முன்னால் கொண்டுவந்து அடிப்பது போல.

இன்னொன்று: குழாயை மிதிப்பது நமக்குத் தெரியும், தோட்டக்காரருக்குத் தெரியாது. இருவரையும் ஒரே ஷாட்டில் முன்னும் பின்னுமாக வைத்ததால்தான் இது முடிந்தது. தனித்தனி ஷாட்டாக வெட்டியிருந்தால் சிரிப்பு பாதியாகியிருக்கும்.

பாடம் 4: நிறுத்தினால் மாயம்
(பெண் மறைகிறாள், 1896)

ஜார்ஜ் மெலியே பாரிஸ் நகரத்து மேஜிக் வித்தைக்காரர், ராபர்ட் ஊதன் அரங்கின் சொந்தக்காரர். இந்தப் படத்தில் நாற்காலியில் ஒரு பெண்ணை உட்கார வைத்துத் துணியால் மூடுகிறார். துணியை எடுத்தால் ஆள் இல்லை! பிறகு அந்த இடத்தில் ஒரு எலும்புக்கூடு. மறுபடி துணி, மறுபடி அந்தப் பெண்.

செய்முறை எளிது. கேமராவை நிறுத்து. பெண்ணை வெளியே அனுப்பு. மற்ற எல்லாம் அசையாமல் அப்படியே இருக்கட்டும். மறுபடி ஓட்டு. பிறகு ஒட்டிய இடத்தில் பிசிறு தெரியாமல் ஃபிலிமை வெட்டிச் சேர். பார்ப்பவர்களுக்கு ஒரே ஷாட், உண்மையில் பல ஷாட்.

வெட்டு என்பது எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. இதை செல்போனில் பத்து நிமிஷத்தில் செய்து பார்க்கலாம். போனை ஆட்டாமல் வைக்க வேண்டும். நாங்கள் ஹாஸ்டல் ரூமில் செய்தபோது ஆள் மறைந்தது சரி, பின்னால் ஃபேன் காற்றில் காலண்டர் திரும்பிவிட்டது! மாயம் போச்சு.

பாடம் 5: யார் கண்ணால் பார்க்கிறோம்?
(பாட்டியின் பூதக்கண்ணாடி, 1900)

இங்கிலாந்தில் பிரைட்டன் பக்கத்தில் இருந்த ஜார்ஜ் ஆல்பர்ட் ஸ்மித் எடுத்தது. ஒரு பையன் பாட்டியின் பூதக்கண்ணாடியை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்க்கிறான். பத்திரிகை, கடிகாரத்தின் உள்சக்கரங்கள், கூண்டுப் பறவை, பாட்டியின் கண், ஒரு பூனைக்குட்டி.

முதலில் பையன் பார்க்கிற ஷாட். அடுத்தது அவன் பார்க்கிற பொருள், சுற்றிலும் கறுப்பு வட்டத்துக்கு நடுவே க்ளோஸ் அப்பில். மறுபடி பையன். மறுபடி பொருள். இரண்டு ஷாட்டை ஒட்டியதும் நடுவில் ஒரு அர்த்தம் தானாகவே உண்டாகிறது: 'இது அவன் கண்ணுக்குத் தெரிவது.' யாரும் சொல்லவில்லை, எழுதிக் காட்டவும் இல்லை. நாமே சேர்த்துக்கொள்கிறோம். பாயின்ட் ஆஃப் வியூ ஷாட் (பார்வைக்கோணக் காட்சி) என்று இன்று சொல்வது இதைத்தான். எல்லாவற்றையும்விட அந்தப் பாட்டியின் கண்! திரை முழுக்க உருண்டு உருண்டு நம்மைப் பார்க்கிறது.

பாடம் 6: படம் எடுக்காதே!
(பெரிய விழுங்கல், 1901)

அதே ஊர்ப் பக்கம் ஜேம்ஸ் வில்லியம்சன் என்பவர் எடுத்தது. ஒரு நிமிடம்தான். ஒரு ஆள், தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்று தெரிந்ததும் கோபமாகத் திட்டிக்கொண்டே கேமராவை நோக்கி வருகிறார். மிட் ஷாட் ஆகிறது, முகம் ஆகிறது, கடைசியில் திறந்த வாய் மட்டும், திரை முழுக்க இருட்டு! அந்த இருட்டுக்குள் கேமராவும் கேமராக்காரரும் தலைகுப்புற விழுகிறார்கள். பிறகு அந்த ஆள் மென்றுகொண்டே பின்னால் போய்ச் சிரிக்கிறார்.

மூன்றே ஷாட். வாயின் கறுப்பிலிருந்து இன்னொரு கறுப்புத் திரைக்கு மாறும்போது வெட்டு மறைந்துவிடுகிறது. உத்தி என்ற அளவில் அபாரம். விழுந்து விழுந்து சிரித்தேன். என்னையும் ஒருவர் விழுங்கப் போகிறார் என்று அப்போது தெரியாது.

நான் எடுத்த படம்

இத்தனையும் படித்துவிட்டு நான் எடுத்த படத்தைப் பற்றிச் சொல்லாவிட்டால் நியாயம் இல்லை.

முதல் முயற்சி: லூமியேர் மாதிரியே அம்மா வேலை செய்யும் கம்பெனி கேட்டுக்கு எதிரில் போனை வைத்துக்கொண்டு நின்றேன். வாட்ச்மேன் வந்து, யாரைக் கேட்டு எடுக்கிறாய் என்று போனைப் பிடுங்கி அழிக்கச் சொன்னார். மறுநாள் அம்மாவை மேனேஜர் கூப்பிட்டுக் கேட்டாராம். அம்மா என்னைத் திட்டவில்லை. "எம்பொழப்புல கைய வெச்சுராத கண்ணு" என்று மட்டும் சொன்னார். 1895-ல் கேமரா முதலாளி கையில் இருந்தது, கேட் திறந்தது. என் கையில் இருந்தது, கேட் மூடிவிட்டது. பாடம் 1 எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகப் புரிந்தது.

இரண்டாவது முயற்சி: வீட்டிலேயே அம்மாவை எடுத்தேன். 58 நொடிக்குள் 17 ஷாட்! சமைக்கும் கை, துவைக்கும் கை, டாப் ஆங்கிள், லோ ஆங்கிள், பேன், ஜூம் எல்லாம். நண்பர்கள் பார்த்துவிட்டு, "சூப்பரா இருக்கு. ஆனா அவங்க யாரு, என்ன பண்றாங்கன்னே தெரியலையே?" என்றார்கள். தெரிந்த உத்தியை எல்லாம் போட்டதில் ஆளைத் தொலைத்துவிட்டேன்.

மூன்றாவது முயற்சி: ஒரே ஷாட். எதிர்வீட்டுத் திண்ணையில் செங்கல் மேல் போனைச் சாய்த்து வைத்தேன். எங்கள் சந்து ஃப்ரேமில் மூலைவாட்டமாகத் தெரிய வேண்டும், லா சியோத்தா தண்டவாளம் மாதிரி. தூரத்தில் தெருவிளக்கு, கிட்டத்தில் எங்கள் வாசல். ஒன்றரை ஷிப்டு முடிந்து கம்பெனி வேன் மெயின் ரோட்டில் இறக்கிவிடும் நேரம் பார்த்து ஓட விட்டுவிட்டு, நான் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டேன். அம்மாவிடம் சொல்லவில்லை. சொன்னால் கேமராவுக்காக நடப்பார் என்று நினைத்தேன்.

பிறகு அதிலிருந்து 50 நொடியை மட்டும் வெட்டி எடுத்து, மேலே படித்த முறையில் நொடி நொடியாகக் குறித்தேன். அந்தக் குறிப்பை மாதிரிக்காக அப்படியே தருகிறேன்.

நொடி 1–5: ஆள் இல்லாத சந்து. லாங் ஷாட். விளக்குக்கு அடியில் ஒரு நாய்.

நொடி 6–20: தெருவிளக்கு வெளிச்சத்தில் அம்மா சின்ன உருவமாக. குழாயடியைத் தாண்டுகிறார். முகம் தெரியவில்லை.

நொடி 21–30: இருட்டில் நடக்கிறார். உருவம் பெரிதாகிறது. மிட் ஷாட் அளவுக்கு வருகிறார்.

நொடி 31–39: வாசலுக்கு வெளியே நிற்கிறார். ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொள்கிறார். கண்ணை மூடுகிறார். இன்னொரு கையால் இடுப்பை அழுத்துகிறார். அசைவு இல்லை.

நொடி 40–45: முந்தானையால் முகத்தைத் துடைக்கிறார். முதுகை நிமிர்த்துகிறார். செருப்பைக் கழற்றுகிறார்.

நொடி 46–50: "கண்ணு, சோறு ஆக்கிட்டியா?" என்று சத்தமாகக் கேட்டுக்கொண்டே உள்ளே போகிறார். காலி வாசல்.

பதினெட்டு வருஷமாக நான் கதவுக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தச் சத்தத்தை மட்டும்தான் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தத்துக்கு முன்னால் ஒன்பது நொடி இருந்தது எனக்குத் தெரியாது. ஜூம் போட்டிருந்தால் அதை எடுத்திருக்க முடியாது. நடுவில் வெட்டியிருந்தால், 'ஒன்றும் நடக்கவில்லையே' என்று முதலில் அந்த ஒன்பது நொடியைத்தான் வெட்டியிருப்பேன்.

படத்தை அம்மாவிடம் காட்டினேன். முழுசும் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "இத காலேஜுல போட வேண்டாங் கண்ணு. எம்மூஞ்சி அப்ப எப்படி இருக்குதுன்னு நாலு பேரு பாக்க வேண்டாம்" என்றார். பரிசு கிடைக்கும்மா என்று சொல்ல வாயெடுத்தேன். பெரிய விழுங்கல் படத்தில் வந்த ஆள் ஞாபகம் வந்தது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆகவே நண்பர்களே, போட்டியில் என் பேர் இருந்தும் என் படம் ஏன் வரவில்லை என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில். எழுதிக்கொள்ளட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "எழுதிக்கோ. அதுல மூஞ்சி தெரியாதல்லோ" என்றார். கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். படம் எடுக்கும் முன்பும் அப்படிக் கேட்டிருக்க வேண்டும்.

நீங்களும் செய்து பாருங்கள்!

ஒரு நிமிடத்துக்கு மேற்படாத படம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை சும்மா பாருங்கள். இரண்டாம் தடவை சத்தத்தை நிறுத்திவிட்டுப் பாருங்கள். மூன்றாம் தடவை பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்து கீழ்க்கண்ட கேள்விகளுக்கு விடை எழுதுங்கள்.

1. மொத்தம் எத்தனை ஷாட்? ஒவ்வொன்றும் எத்தனை நொடி?

2. கேமரா எங்கே, எந்த உயரத்தில் இருக்கிறது? வேறு எங்கே வைத்திருக்க முடியும்? வைத்திருந்தால் எது தெரியாமல் போயிருக்கும்?

3. நகர்வது கேமராவா, ஆளா? இரண்டுமா?

4. ஃப்ரேமுக்கு வெளியே என்ன இருக்கிறது? அது நமக்கு எப்படித் தெரிகிறது?

5. ஒவ்வொரு வெட்டும் எதற்காக? வெட்டாமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

6. இது யார் கண்ணால் பார்ப்பது? கேமராவுக்குப் பின்னால் யார்? முன்னால் இருப்பவரைக் கேட்டுத்தான் எடுத்தார்களா?

ஆறாவது கேள்வி எந்தப் புத்தகத்திலும் எடுத்ததல்ல, நானாகச் சேர்த்தது. மார்க் போடுவதாக இருந்தால் அதற்குத்தான் அதிக மார்க் போடுவேன்.

கடைசியாக ஒன்று. லூமியேர் தொழிற்சாலையில் அந்தக் கேட் இருந்த தெருவுக்கு இன்று 'முதல் படத் தெரு' என்று பெயர். அவர்கள் அங்கே படம் எடுத்த இடத்தைப் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் அன்றைக்குக் கேட்டைத் தாண்டி வந்த அத்தனை பெண்களும் வீடு போய்ச் சேர்ந்ததும் வாசலில் எத்தனை நொடி நின்றார்கள் என்பது எந்தப் படத்திலும் இல்லை. சுருள் தீர்ந்துவிட்டது.

நம்மிடம் சுருள் தீராத கேமரா ஆளுக்கொன்று பாக்கெட்டில் இருக்கிறது. கேட்டுவிட்டு எடுப்போம். எடுத்ததைப் பொறுமையாகப் பார்ப்போம்.



– மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை